செனட்டர் சம்பந்தி

அன்பு மகள் ஷாஹிராவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். ரஹ்மானுடைய கிருபையில் உன் அம்மா சலேஹாவும் நானும் சுகம், இந்த ஜெலுத்தோங் பிளாட்டில் லிஃப்டுக்குத்தான் சுகமில்லை. மெல்பர்னில் குளிர் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பெண் கேட்டு பாயான் பாருவிலிருந்து அப்துல் காதர் வந்தார், கூடவே மாப்பிள்ளைப் பையன் ஹாஃபிஸ். உன் அம்மாவுக்குப் பையனைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது, எனக்கோ தகப்பனுடைய சிரிப்பே பிடிக்கவில்லை. பிரியாணியில் கை வைத்தபடியே, போன தேர்தல்ல ஜனங்க அள்ளிப் போட்ட ஓட்டுல நான் டேவான் நெகாரா மேலவைக்குப் போறேன்லா, செனட்டர் சம்பந்தி உங்களுக்கு என்றார். எனக்குச் சுருக்கென்றது. மக்களவைக்கு ஒரு தடவை ஓட்டுப் போட்டேன், மாநிலச் சட்டமன்றத்துக்கு இன்னொரு தடவை போட்டேன், இந்த மேலவைக்கென்று என் விரலில் யாரும் மை தடவவில்லையே. எந்தப் பள்ளிக்கூடத்துலண்ணே ஓட்டுப் போட்டாங்க என்று கேட்டேன். மனுஷன் அவசரமாகத் தண்ணீர் குடித்தார். அப்போதுதான் ஹாஃபிஸ் தலை நிமிர்ந்து, அத்தா சொல்றது சரியில்ல மாமா, மேலவைக்கு ஜனங்க ஓட்டுப் போடறதில்ல, ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் ரெண்டு பேர அனுப்பும், மத்தவங்கள மாமன்னர் நியமிப்பாரு, அத்தா பேரு இன்னும் எங்கயும் இல்ல என்றான். தகப்பன் முகம் செத்துப்போனது. உன் அம்மாவோ, பாத்தீங்களா புள்ளையோட நேர்மைய என்று அன்றிலிருந்து பூரித்துக் கிடக்கிறாள்.

எனக்கு அதிலும் சந்தேகம்தான். நான் கேட்ட பிறகுதானே வாய் திறந்தான்? கேட்காமல் விட்டிருந்தால் சோற்றோடு அந்தப் பொய்யையும் சேர்த்து விழுங்கியிருப்பானா? உன் நம்பரை என்னைக் கேட்காமலே உன் அம்மா கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. அவன் கூப்பிட்டால் இதை நீயே கேள். மழுப்பினால் விட்டுவிடு.

நம் வீட்டில் உன் அம்மாதான் மக்களவை, அவள் நிறைவேற்றிவிட்டாள். நான் மேலவை, கொஞ்ச நாள் இழுத்தடிக்கலாம், தடுக்க முடியாது. ஆனால் மகளே, எங்கள் முகத்துக்காக நீ சரி என்று சொல்லாதே. மாப்பிள்ளை நியமனப் பதவி இல்லை, நீ ஓட்டுப் போட்டால்தான் உண்டு.

அல்லாஹ் உன்னைக் காப்பானாக. வரும் தேர்தலுக்குத் தபால் ஓட்டுக்கு மறக்காமல் பதிந்துகொள்.

துஆவுடன்,
உன் அத்தா
சீனி முகம்மது