ஜஹ்ராவின் மாடி

அன்பு மகன் ஃபைசலுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வாப்பாவும் தங்கச்சியும் நானும் அல்லாஹ் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம், துபாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க துஆ கேட்கிறேன். லீவு முடிந்து திரும்பும் பக்கத்துத் தெரு அனஸிடம் மாசிக் கருவாட்டுச் சம்பல் கொடுத்திருக்கிறேன், அந்தப் பையிலேயே இந்தக் காகிதத்தையும் வைத்திருக்கிறேன். கையில் ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். ஃபோனில் நான் ஆரம்பித்தாலே டியூட்டி இருக்கிறது உம்மா என்று வைத்துவிடுகிறாய், வாய்ஸ் போட்டால் வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய். இதை அப்படி ஓடவிட முடியாது. உட்கார்ந்து படி.

வாப்பாவுக்கு இருமல் குறையவில்லை, துறைமுகத்துக் குடோனில் தூசிக்கு நடுவில்தான் இன்னும் வேலை, லீவு போடச் சொன்னால் கேட்பதில்லை. உன் தங்கச்சி உம்மு ஹானி பரீட்சைக்குப் படிக்கிறாள். நீ அனுப்பிய பணத்தில் அவளுக்காக எழுப்பும் மாடியில் சுவர் முடிந்துவிட்டது, கான்கிரீட் போட நாள் சொல்லுங்க என்று கொத்தனார் தளவாய் வந்து கேட்டார். வேண்டாம், வேலையை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மூன்றாம் வீட்டு ஜெய்னம்பு மகள் ஜஹ்ராவுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்பது உனக்குத் தெரியும், வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை. இங்கே பார்த்த டாக்டர் சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார். குவைத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவள் வாப்பா நவாஸ் மகளைப் பார்க்க வந்தான், சொன்ன தேதிக்குத் திரும்பவில்லை என்று முதலாளி வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். காப்பீட்டு அட்டை மருந்துக்கும் கட்டிலுக்கும் ஆகிறது, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அந்த அட்டையில் இடமில்லை. ஊசி இல்லாத வாரங்களில் வார்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், ஊருக்கும் வரக்கூடாது, காய்ச்சல் கண்டால் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதனால் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு அறை, ஒரு ஸ்டவ், பிள்ளைக்குத் தனிப்பாத்திரம், கொதிக்க வைத்த தண்ணீர். வேலையில்லாத மனுஷன் அதற்கெல்லாம் எங்கே போவான்? அதற்குத்தான் ஊரைக் கேட்டார்கள். ஆடம்பரத்துக்குக் கேட்கவில்லை.

ஊர் ஜமாஅத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். ஜெய்னம்பு சென்னையில் இருக்கிறாள், வீடு பூட்டிக் கிடக்கிறது, பெரியவர் காஜா முஹ்யித்தீன் காக்காவும் இன்னும் இரண்டு பேரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து பாதியில் நிற்கும் மாடியைப் போட்டோ எடுத்தார்கள். நான் வாசலுக்குப் போனேன். ஏம்மா, மாடி வீடுல்லா இருக்கு, நம்ம குடுக்குத காசுல மேல எழுப்பிருவாவளோ என்று காஜா காக்கா என்னிடமே கேட்டார். ஒங்க மவளுக்கு மாடி எழுப்பயில யாரும் போட்டோ புடிக்க வரலியே காக்கா என்றேன். கோவப்படாதம்மா, இது அல்லாட காசு, விசாரிச்சுத்தான் குடுக்கணும் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தப் போட்டோதான் உங்கள் குரூப்புக்கு வந்தது. அதற்குக் கீழே உன் குரலும் வந்தது. மாடி வீட்ட வச்சுக்கிட்டு ஊருகிட்ட கை நீட்டுனா எப்படி, மொதல்ல அத வித்து வைத்தியம் பாக்கட்டும், பொறவு பாப்போம். நீ பேசியதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. அதற்கு எத்தனை பேர் கட்டை விரலைத் தூக்கினார்கள் என்று உனக்கே தெரியும்.

அதை யாரோ நவாஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சின்ன அறையில் அவன் அதைப் போட்டபோது ஜெய்னம்பு கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாளாம். நம்ம ஃபைசல்லா இது என்று கேட்டாளாம், அவ்வளவுதான். மறுநாள் வீட்டுக்கு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டாள். வாங்க வந்தது யார் தெரியுமா? காஜா காக்காவின் மச்சான், தன் இரண்டாவது மகளுக்காக. விசாரிக்க வந்தவர் வீட்டுக்குள்ளேயே விலை பேசி முடித்தார்கள். நம் தெருவில் பாதி விலைக்கு யாராவது வீடு கொடுத்துக் கேள்விப்பட்டிருக்கிறாயா? பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தால் கிடைக்கும். இதைக் கேட்டால் அவர்கள் உதவி என்பார்கள்.

அங்கே போன பிறகு நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன். நம் ஊரில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். வீடில்லாத பெண்ணைக் கேட்டு ஒருத்தரும் வருவதில்லை. பெண் பிறந்த அன்றே வாப்பாவும் கூடப்பிறந்த காக்காவும் செங்கல் விலை விசாரிக்கிறார்கள். நீ பத்துப் பேர் படுக்கும் அறையில் கிடந்து சம்பாதிப்பது உன் தங்கச்சியின் மாடிக்கு, நவாஸ் குவைத் வெயிலில் வண்டி ஓட்டியது ஜஹ்ராவின் மாடிக்கு. இரண்டும் ஒரே சிமெண்ட்தான். இந்த வழக்கம் நல்லதென்று நான் சொல்லவில்லை, எத்தனை ஆண்பிள்ளைகளின் முதுகை இது உடைத்திருக்கிறது என்று பார்த்தவள் நான். ஆனால் வசதியுள்ளவன் மகளுக்கு அது மரியாதை, நோயாளிப் பெண்ணுக்கு மட்டும் கூடுதல் சொத்தா?

முன்பணம் வாங்க ஜெய்னம்பு ரயிலேறி வந்தாள். சொந்த வீட்டைத் திறக்கவில்லை, நேராக நம் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். உன்னைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் சொன்னது வேறு. முதுகுத் தண்டில் ஊசி போடும்போதெல்லாம் நவாஸ் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன் மாடிக்கு என்ன கலரு அடிப்போம்ளா என்று கேட்பானாம். ஒரு தடவை மயில்கழுத்து என்பாளாம், ஒரு தடவை வாடாமல்லி, போன தடவை கேட்டதற்கு ஒரு சுவருக்கு ஒரு கலர், ஒங்களுக்கு என்ன வாப்பா நஷ்டம் என்றாளாம். வீடு விற்கிற பேச்சு ஃபோனில் நடந்தது அந்தப் பிள்ளை காதில் விழுந்திருக்கிறது. அழவில்லை. எனக்கு வீடு தேவப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டாவளா உம்மா என்று மட்டும் கேட்டிருக்கிறாள். அதற்கு அடுத்த ஊசியின்போது நவாஸ் வாய் தவறிக் கலர் கேட்டிருக்கிறான், பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கித் துப்பிவிடுகிறாளாம்.

இதை உம்மு ஹானி அடுப்படி நிலைவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எம் மாடி மொட்டையா நிக்கட்டும் உம்மா, வாற மாப்பிளைக்கு வெயிலடிச்சா கொட புடிச்சுக்கிட்டு இருக்கட்டும் என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கான்கிரீட்டுக்கு நீ அனுப்பிய பணத்தை எடுத்துக்கொண்டு நாளை வாப்பா காஜா காக்காவின் மச்சானிடம் போகிறார், சென்னை அறைக் கடனுக்கே போய்விட்ட முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்க. கொடுத்தால் மொத்தமாகக் கொடுங்கள், பத்திரம் எழுதும் நாளுக்கு முன்னால் கொடுங்கள் என்று அந்த மச்சான் கறாராகச் சொல்லியிருக்கிறார். நம் பணம் அதற்குச் சரியாக இருக்கும், அதற்கு மேல் நம்மிடம் இல்லை. உன்னைக் கேட்காமல் செய்கிறேன், கோபம் வந்தால் வரட்டும்.

ஆனால் வீடு மீண்டாலும் அறை வாடகையும் கஞ்சியும் அப்படியே நிற்கின்றன. வைத்தியம் இன்னும் எத்தனையோ மாதம், பிழைப்பாளா என்று டாக்டரே வாய் திறக்கவில்லை. ஆகையால் நீ பேசிய அதே குரூப்பில் நீயே மறுபடி பேசு. மன்னிப்பு, ஹதீஸ் என்று இழுக்காதே. நான் ஃபைசல், அன்றைக்கு வீட்டை விற்கச் சொன்னவன் நான்தான், என் தங்கச்சியின் மாடியை நிறுத்திவிட்டோம், நீங்கள் மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கள் என்று சொல். சிரிப்பவன் சிரிக்கட்டும். ஒருத்தனாவது கட்டை விரலை மடக்கிப் பையில் கை விடுவான்.

ராத்திரி டியூட்டி என்றால் வெறும் வயிற்றில் போகாதே, சம்பலை அறையில் எல்லோருக்கும் கொடு. உன் கைக்கும் காலுக்கும் அல்லாஹ் பலம் தரட்டும், உன் நாக்குக்கு ஈரம் தரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. முன்பணம் திரும்பிவிட்டது என்று வாப்பா உனக்குச் சொன்னதும் ஜஹ்ராவுக்கு நீயே ஃபோன் போட்டு, மாடிக்கு என்ன கலர் என்று கேள். அவர் சொல்லும்வரை கேட்காதே. அந்தப் பிள்ளையிடம் பொய் சொல்ல நம் வீட்டில் யாருக்கும் உரிமையில்லை.

இப்படிக்கு,
உன் உம்மா
சுலைஹா
காயல்பட்டினம்