குளிர்த்தி பாடாத வருடம்

அன்பான அன்னப்பூரணிக்கு, அம்மன் துணை. நீயும் பேறுக்கு வந்திருக்கும் நம் மகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நம் வாவிக்கரைக் கண்ணகை அம்மன் சடங்கில், அம்மாளின் சூடு தணிக்கும் குளிர்த்திப் பாட்டைப் பாடாமலே, “மழை வருகுது, கதவை அடைங்க” என்று கோயில் தலைவர் முடித்துவிட்டாராம். நான் இளந்தாரியாக இருந்தபோதும் ஒருமுறை இப்படித்தான் அடைத்தார்கள். அந்த ஆனியில் அம்மாள் வருத்தம், உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளம், வராத வீடில்லை. என் தங்கச்சி பிழைக்கவில்லை.

எனக்கு நெஞ்சில் நாலு கொப்புளம், வேறொன்றுமில்லை. “வேர்க்குருதான் ஐயா” என்று நான் காவல் நிற்கும் கொழும்புக் கடையில் சிரிக்கிறார்கள். ஆனாலும் பேறு பார்க்க நான் வரவில்லை. பிள்ளை பிறந்தாலும் கூப்பிடாதே. வாசலில் வேப்பிலை கட்டு. இங்கே வேப்பமரமே காணோம், எனக்கும் ஒரு பிடி பஸ்ஸில் அனுப்பு.

இதை எழுதித் தருகிறவர் இன்று ஏனோ தள்ளி உட்கார்ந்திருக்கிறார். நிறுத்துகிறேன்.

அழகரத்தினம்