பிழை பொறுக்கும் மட்டைகள்

கல்லிண்டா
புதன்கிழமை

அன்புள்ள டீகன்,

இங்கே உன் அம்மா நலம், நாய் நலம், நானும் வலது முழங்கை நீங்கலாக நலம். ஷெட்லாந்துக் குளிரில் உன் மூக்கு இன்னும் முகத்தோடு இருக்கிறது என்று நம்புகிறேன். "அண்ணே, பொண்ணுக்கு நாலு வரி எழுது. மழை பேஞ்சதைச் சொல்லு, கதை அளக்காத" என்று உன் அம்மா பெவர்லி காகிதத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். மழை பெய்தது. கோதுமை கணுக்கால் உயரம். கடமை முடிந்தது, உன்னை வளர்த்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதால், உலகத்தில் ஒருத்தரும் நம்பப்போகாத ஒரு சரித்திரத்தை இப்போது சத்தியம் செய்து சொல்கிறேன்.

போன வருஷம் பக்கத்து ஊர்ப் பிரண்டூல்காரர்களோடு நடந்த கோல்ஃப் கோப்பை ஆட்டத்தில் உன் மாமா கடைசிக் குழிக்கு முன்னால் இரண்டு பந்துகளைக் குளத்துக்குத் தானம் கொடுத்ததும், கோப்பை ஊர் மாறிப் போனதும் உனக்குத் தெரியும். அதிலிருந்து ரொட்டிக் கடைக்காரி கூட எனக்கு முந்தின நாள் ரொட்டியைத்தான் எடுத்துத் தருகிறாள். இந்த வருஷ அணியில் ஆறு பேர், ஐந்து பேர் முடிவாகிவிட்டது. ஆறாவது இடம் எனக்கா கேவின் ட்ரெவெல்லாவுக்கா என்பதை ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தீர்மானிக்கும் என்றார்கள். அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது டீகன், அதற்கு மேல் அதைப்பற்றி எழுத வரவில்லை.

சனிக்கிழமை, நகரத்திலிருந்து மட்டை விற்கிறவன் வேனில் வந்தான். பதினாலு மட்டை கொண்ட ஒரு முழுப் பையை, ஆடிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தாருங்கள் என்று தந்தான். "நடுவுல படலன்னாலும் பந்து நேராப் போவும் சார். நம்மள மாதிரி சுமாரா ஆடுறவங்களுக்குன்னே செஞ்சது" என்றான். நம்மள என்றது மரியாதைக்கு. பார்வை என் தொப்பையில் இருந்தது. அடிப்பாகம் அகலம், கனமெல்லாம் ஓரங்களில். என் பழைய மட்டைகளோ கத்தி மாதிரி மெலிசு, ஓரத்தில் பட்டால் அதிர்ச்சி முழங்கை வழியாகப் பல்லுக்குப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் அடி மட்டையின் நுனியில் பட்டது. பழையதாக இருந்தால் பந்து வேலிக்கு வெளியே ஆட்டுக்கூட்டத்தில் விழுந்திருக்கும். இதுவோ தானியக் கிடங்குக்கு மேலே ஏறி, அங்கே கொஞ்சம் இளைப்பாறி, நான் இறைச்சி வைத்த பேஸ்ட்ரி ஒன்றைத் தின்று முடித்த பிறகு பாதை நடுவில் இறங்கியது. மூன்றாம் குழியில் அறுபது கங்காருக்கள் இரண்டு வரிசையாக நின்று வழிவிட்டன. ஒன்பதாவதில் காக்கை என் பந்தைத் தூக்கிப் போய், யாருடையது என்று பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்காத குறையாகக் குழிக்குப் பக்கத்தில் வைத்தது. என் கணக்கை எழுதுகிறவன் ட்ரெவெல்லாவே. நம் ஊரில் குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதிலாகப் போட்டிருக்கிற எண்ணெய் கலந்த மணலில், என் பந்து உருளப் பாதை நிரவிக் கொடுத்தபடி, "யோவ் லின்ஸே, மட்டை ஆடுதா, நீ ஆடுறியா?" என்று கேட்டான். "ரெண்டு பேரும் சேர்ந்து உன்னை ஆட்டுறோம்" என்றேன். கடைசிக் குழியில் குளத்தையும் தாண்டினேன். சலுகை அடிகள் போக எனக்கு அறுபத்தொன்பது அடி, அவனுக்கு எழுபத்திரண்டு. அடி குறைந்தவனுக்குத்தான் இடம்.

தண்ணீர்த் தொட்டி பக்கத்தில், திருப்பிக் கொடுப்பதற்காக மட்டைகளைத் துடைத்து எண்ணினேன். பதினைந்து. முப்பது வருஷமாய் என்னோடு இருக்கிற ஏழாம் நம்பர் மட்டையை, புதுசை நம்பாமல், காலையில் நான்தான் பைக்குள் செருகியிருந்தேன். ஒரு தடவை கூடத் தொடவில்லை. விதிப்படி, பையில் பதினாலுக்கு மேல் இருந்தால் முதல் இரண்டு குழிகளுக்கும் இரண்டிரண்டு தண்டனை அடி. கணக்கு அட்டையில் இன்னும் கையெழுத்து விழவில்லை. ட்ரெவெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் அந்தப் பழைய மட்டையை உருவி என் கையில் கொடுத்தான். "கொண்டு போய் வண்டில போடுய்யா. எனக்குக் கண்ணு மங்கல், பதினாலுக்கு மேல எண்ணவும் வராது" என்றான். "எழுதுடா எழுபத்திமூணு" என்றேன். "கிறுக்குப் பயலே" என்று சொல்லிக்கொண்டே எழுதினான்.

வருகிற சனிக்கிழமை பிரண்டூலுக்கு அவன் போகிறான். நான் அவன் பையை இழுத்துக்கொண்டு கூடப் போகிறேன், பதினாலுதானா என்று எண்ணுவதற்கு. மட்டைகளை வேன்காரனிடமே கொடுத்துவிட்டேன். முழங்கை மட்டும் இன்னும் அவற்றைக் கேட்கிறது.

மூடுபனியில் வண்டியை மெதுவாக ஓட்டு, காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. ஞாயிறு தவறாமல் அம்மாவுக்குப் போன் போடு, போன வாரம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும், கண்ணே.

கிடங்கு, கங்காரு, காக்கை எல்லாம் என் கைச்சரக்கு, குளத்தைத் தாண்டியதுகூட ஒரு கல்லில் பட்டுத் துள்ளித்தான். பையில் பதினைந்து இருந்தது மட்டும் நிஜம். வேறு யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

உன் மாமா,
லின்ஸே பாஸ்கோ