மணிக்கட்டின் மேல் போட்ட பழி

ஹாரோ, இலோயிலோ
அக்டோபர் 27

அன்புள்ள மரிவிக் அண்ணிக்கு,

பெர்லிட்டா எழுதுகிறேன். நானும் உங்கள் மகள் கிரிசெலும் நலமாக இருக்கிறோம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? நீங்கள் வேலை பார்க்கிற வீட்டுப் பெரியவரை இன்னும் நீங்களே தனியாகத் தூக்கி உட்கார வைக்கிறீர்களா? அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரையாவது கைகொடுக்கச் சொல்லுங்கள். ஹாங்காங்கில் இப்போது குளிர ஆரம்பித்திருக்கும். கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிரிசெலுக்கு மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அழுதாள். மறுநாள் தானே கண்ணாடி முன் நின்று அழகு பார்த்தாள். அண்ணனின் கல்லறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. நவம்பர் முதல் தேதி ஊரே கல்லறைக்கு வரும், கூட்டம் அதிகமாக இருக்கும் என்பதால் காலையிலேயே மெழுகுவர்த்தியோடு போகிறோம்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். பெரிய கடிதம் அண்ணி. வேலை முடிந்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் போனில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "அந்த அர்செனியோ மறுபடியும் உங்க கம்பெனி வாசப்படி ஏறினா, அவனை விடாதே பெர்லி." அவன் ஏறினான் அண்ணி. நானும் விடவில்லை.

எங்கள் காவலர் கம்பெனிக்குப் புதுத் துப்பாக்கி வாங்கப் போகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? கெஸ்ட்ரா கம்பெனியின் புது மாடல். பிளாஸ்டிக் உடல், மேலே எஃகு. அண்ணன் இடுப்பில் இருந்ததும் கெஸ்ட்ராதான், பழைய மாடல், அதுவும் பிளாஸ்டிக் உடல்தான். சுட்டுப் பார்த்து, நல்லது கெட்டதை எழுதிக் கொடுக்கும் பொறுப்பு, சுடும் பயிற்சி கொடுப்பவள் என்பதால் எனக்கு வந்தது. விற்க வந்தவன் அர்செனியோ லகுடா. அதே வாசனைத் தைலம், அதே சிரிப்பு. "என்ன பெர்லி, இன்னும் என் மேல கோபமா? நடந்தது நடந்து போச்சும்மா" என்று தோளில் தட்டினான். அடகுக்கடை வாசலில் காவல் நின்ற அண்ணன் ஒரு தடவை சுட்டு, துப்பாக்கி நின்றுபோய், திருடன் கையால் செத்த மூன்றாம் நாள், கெஸ்ட்ராவின் ஆளாக விசாரணைக்கு வந்து, "சுட்டவர் மணிக்கட்டைத் தளரப் பிடித்ததால் இரண்டாவது தோட்டா ஏறவில்லை" என்று எழுதிக் கொடுத்த கை அது. அந்த ஒரு வரி எனக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம்.

உங்களிடம் மறைக்கவில்லை. முதல் நாள் நான் சோதிக்கப் போகவில்லை, கெடுக்கத்தான் போனேன். என் சாப்பாட்டு டப்பாவில் சோற்றுக்கு அடியில் தேய்ந்துபோன ஸ்பிரிங் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தேன். புதுத் துப்பாக்கியைக் கழற்றும்போது மாற்றிப் போட்டுவிட்டால் போதும், மேனேஜர் டெவேசா முன்னால் பத்துத் தடவை சிக்கிக்கொண்டு நிற்கும். அர்செனியோவின் முகம் தொங்கும். மூன்று வருடமாக நான் கண்ட கனவு அது.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது நல்ல துப்பாக்கி. அந்தக் காலத்து முழு இரும்புத் துப்பாக்கியில் பாதிதான் கனம். நாள் முழுக்க நிற்கிற காவலருக்கு இடுப்பு நோகாது. நம் ஊர்க் கடல் காற்றும் வேர்வையும் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது, துரு கிடையாது. பதினேழு தோட்டா கொள்ளும். சுடும்போது உதறல் குறைவு. பிறகு வந்த நாட்களில் உப்புத் தண்ணீரில் போட்டேன், சேற்றில் புரட்டினேன், வெயிலில் காயவிட்டுச் சுட்டேன். இரண்டாயிரம் தோட்டாவுக்கு இரண்டே தடவைதான் நின்றது. குறையும் உண்டு. கை வேர்த்தால் பிடி வழுக்குகிறது. தோட்டா தீரத் தீர அடிப்பக்கம் லேசாகி, மேல்பாரம் கூடி மூக்கு தாழ்கிறது. குறி பார்க்கும் முனை மட்டமான பிளாஸ்டிக், உறையில் உரசியே மழுங்கிவிடும். கழற்றும் முன் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். உள்ளே தோட்டா இருப்பதை மறந்த அவசரக்காரன் தன் காலையே சுட்டுக்கொள்வான். உடல் லேசாக இருப்பதால் பிடியும் இறுக்கமாக இருக்க வேண்டும், மணிக்கட்டு தளர்ந்தால் அடுத்த தோட்டா ஏறாது. இந்தக் கடைசிக் குறையை வைத்துத்தான் அண்ணன் மேல் பழியைப் போட்டார்கள்.

அந்த முதல் நாள் ஸ்பிரிங்கை மாற்றப் போகும்போதுதான் நான் அதைப் பார்த்தேன். தோட்டா அடுக்குகிற மேகசினைக் கீழே விழாமல் பிடித்து நிறுத்த ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அது போய் உட்காருகிற இடத்தில் புது மாடலில் நகம் அளவுக்கு ஓர் எஃகுத் தகடு பதித்திருந்தார்கள். பழையதில் அந்த இடம் வெறும் பிளாஸ்டிக். அர்செனியோவிடம் சாதாரணமாகக் கேட்பது போல், "இது புதுசா சார்?" என்றேன். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமாம்மா, இனிமே தேயவே தேயாது" என்றான்.

அப்படியானால் முன்பு தேய்ந்தது.

அவன் கொடுத்த விளம்பரத் தாளிலேயே, அடியில் பொடி எழுத்தில், அந்தத் தகடு எப்போதிலிருந்து என்று போட்டிருந்தது. அண்ணன் இறந்ததற்கு நான்கு மாதம் முன்பிருந்து. தெரிந்திருக்கிறது அண்ணி. தெரிந்துகொண்டேதான் நம் வீட்டு ஆளின் மணிக்கட்டைக் காட்டியிருக்கிறார்கள்.

ஸ்பிரிங்கைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினேன். புதுத் துப்பாக்கியைக் கெடுத்திருந்தால் கம்பெனி அதை வாங்காது. அண்ணன் வைத்திருந்த அதே பழைய துப்பாக்கியோடு இன்னும் அறுபத்திரண்டு பேர் கடை வாசல்களில் நின்றுகொண்டே இருப்பார்கள். 

மேனேஜரிடம் போய், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துச் சுட்டால்தான் ஒப்பிட முடியும் என்றேன். சரி என்றார். அன்று காலை வேலை முடித்து வந்த காவலர்களின் துப்பாக்கிகளில் ஐந்தை அவரையே எடுக்கச் சொன்னேன், நான் தொடவில்லை. மேசையோடு திருகி இறுக்குகிற இரும்புப் பிடியில் ஒவ்வொன்றாகப் பூட்டி, கயிறு கட்டி விசையை இழுத்தேன். இரண்டாவது துப்பாக்கி மூன்றாம் தோட்டாவில் நின்றது. நான்காவது துப்பாக்கி எட்டாவதில். இரண்டிலும் மேகசின் ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது. மேலே இருக்கும் எஃகு அடுத்த தோட்டாவைத் தொடாமலே தாண்டிப் போயிருந்தது.  மேனேஜரே குனிந்து பார்த்துவிட்டு, "இரும்புக்குக்கூட மணிக்கட்டு தளருமா லகுடா?" என்றார்.

அவன் சிரித்து மழுப்பினான். "இரும்புப் பிடி வேற, மனுசக் கை வேற சார்" என்றான். இதற்காகவே காத்திருந்தவள் போல, நின்றுபோன துப்பாக்கிகளில் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினேன். "அப்போ நீங்களே சுடுங்க சார். உங்க கை துப்பாக்கிப் போட்டியில ஜெயிச்ச சாம்பியன் கையாச்சே" என்றேன். காவலர்கள் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். மறுக்க முடியவில்லை. நன்றாகத்தான் பிடித்தான், இறுக்கமாக, பாடப் புத்தகத்தில் இருப்பது போல. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதுக்கு "டிக்" என்றது. அவ்வளவுதான்.

என்னிடம் பேனாவும் தாளும் தயாராக இருந்தன. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே எழுதினேன்: "சுட்டவர் மணிக்கட்டைத் தளரப் பிடித்ததால் அடுத்த தோட்டா ஏறவில்லை. சுட்டவர் பெயர், அர்செனியோ லகுடா. இப்படியே எழுதிக்கவா சார்? இல்ல வேற ஏதாவது காரணம் இருக்கா?" அவன் காது சிவந்ததைப் பார்த்தேன்.  அந்த நிமிடம் என் வயிறு குளிர்ந்தது என்று சொன்னால் என்னைக் கெட்டவள் என்று நினைப்பீர்களா? குளிரத்தான் செய்தது.

அறுபத்திரண்டையும் அன்று மாலையே திரும்ப வாங்கிவிட்டார்கள். புதியது வரும்வரை எல்லோருக்கும் பழைய சுழல் துப்பாக்கி. ஜோவெலின், அண்ணனோடு வேலை பார்த்த பெண், அதைத் தூக்கிப் பார்த்து, "இது துப்பாக்கியா அக்கா, அம்மிக் குழவியா? திருடன் வந்தா சுடறதா, தலையில போடறதா?" என்கிறாள். புதுத் துப்பாக்கி நல்லது, ஆனால் இந்த ஆளிடமிருந்து வாங்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் கம்பெனியும் அவன் கணக்கை மூடிவிட்டது. அண்ணன் சாவைப் பற்றிய விசாரணை அறிக்கையில் அந்த வரியை அடித்துவிட்டு, துப்பாக்கியின் குறை என்று எழுதி முத்திரை போட்டுத் தந்திருக்கிறார்கள். நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன்.

போன ஞாயிறு, பூசை முடிந்து நாங்கள் வந்தபோது அர்செனியோ வீட்டு வாசலில் நின்றிருந்தான், கையில் பிஸ்கோச்சோ ரொட்டி டப்பா. மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே கூப்பிடவில்லை. "மேலிடத்துல எழுதச் சொன்னாங்க, எழுதினேன் பெர்லி. எனக்கும் குடும்பம் இருக்கு. உங்க மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்" என்றான். எனக்கு இரக்கம் வரவில்லை. கிரிசெலைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிறுத்தினேன். "எங்கிட்ட சொல்ல வேண்டாம். இவகிட்ட சொல்லுங்க, இவ அப்பா எப்படிப் பிடிச்சாருன்னு" என்றேன். பள்ளிக்கூடத்தில் இவளை என்னவெல்லாம் சொல்லிக் கேலி செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, அவள் சொல்ல வேண்டாம் என்றாள். அவன் மழையில் நனைந்துகொண்டே, "உங்கப்பா சரியாத்தான் பிடிச்சாரும்மா. தப்பு துப்பாக்கி மேலதான்" என்றான்.

இவள் அழவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்போ அப்பா பிடி தளர்வுன்னு முதல்ல சொன்னது யாரு?" என்று கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். சிரித்தான்கூட. "அதை உங்க அத்தையைக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அண்ணி, விசாரணையின்போது எனக்கு ஒரு தாள் அனுப்பினார்கள். பயிற்சியில் அண்ணன் ரெனான்ட்டேயின் பிடி எப்போதாவது தளர்வாக இருந்ததா என்று ஒரே கேள்வி. கற்றுக் கொடுத்தவள் நான்தானே. "சில சமயம் இருந்தது, சொல்லித் திருத்தினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய்யில்லை. புதிதாகக் கற்கிற எல்லோருக்கும் இருப்பதுதான். கடைசி ஒரு வருடம் அண்ணன் பிடியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை நான் எழுதவில்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. அந்த அரை வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவன் மீதியை எழுதினான். மூன்று வருடமாக நானும் அதை நம்பினேன். நான் சரியாகச் சொல்லிக் கொடுக்காததால்தான் அண்ணன் செத்தார் என்றுதான் ஒவ்வொரு நாளும் எழுந்தேன். அந்தப் பாரத்தையெல்லாம் சேர்த்துத்தான் அர்செனியோவை வெறுத்தேனோ என்னவோ. நீங்கள் போனில் அவனைச் சபிக்கும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து சபித்தேன். அந்தத் தாளைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

கிரிசெல் ஒரு வாரமாக என் முகத்தைப் பார்க்கிறாள். "அம்மாவுக்கு எழுதிட்டு உனக்குச் சொல்றேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள். அவள் இனி என் வீட்டில் வேண்டாம் என்று எழுதினாலும், உங்கள் தங்கை வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன், மறுபேச்சுப் பேச மாட்டேன். திட்டி எழுதுங்கள், பரவாயில்லை. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள் அண்ணி.

ஆண்டவர் உங்களை நோய் நொடியில்லாமல் காக்கட்டும். உங்கள் மகளிடம் நீங்கள் திரும்பி வரும் நாள் சீக்கிரம் வரட்டும்.

என்றும் உங்கள் நாத்தனாராக இருக்க விரும்பும்,
பெர்லிட்டா