உங்கள் இஷ்டம்

பிப்ரவரி 12, புதன்
கடையில் நாள் முழுக்க பேன்ட்டுக்குக் கால் மடிப்புத் தைத்துத் தைத்துக் கண் பூத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் ஓரகத்தியிடமிருந்து ஆங்கிலத்தில் மெயில். அவள் வேறு நாட்டில் பிறந்து வளர்ந்தவள், தமிழில் ஓர் எழுத்து தெரியாது. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். என் மகளைத் தங்களோடு வைத்துப் படிக்கவைக்கிறார்களாம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, எனக்குப் புருஷன் இல்லை. கூட்டிக் கழித்தால் சரியாக வரும் என்று நினைத்துவிட்டார்கள் போல.

கொடுக்க மாட்டேன். என் வாலு என்ன, இரவல் கேட்கிற குடையா?

பிப்ரவரி 13, வியாழன்
மாமா போனில் கூப்பிட்டார். என் வீட்டுக்காரரின் அண்ணன். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராப்பகலாகக் கூட இருந்தவர். அவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? "பார்க்கலாம் மாமா" என்றேன். பார்க்கலாம் என்றால் வேறென்ன அர்த்தம்? வெள்ளையடித்துத் தரச் சொன்னால் வீட்டு ஓனரும்தான் பார்க்கலாம் என்கிறார், வருஷக்கணக்காக!

மாமா விடவில்லை. "எதுக்கும் அவளுக்கு ஒரு மெயில் போட்டுடும்மா. எழுத்துல இருந்தாதான் அவளுக்குத் திருப்தி."

பிப்ரவரி 16, ஞாயிறு
கல்லாவில் உட்காரும் அக்காவுக்கு நன்றாக இங்கிலீஷ் வரும். நேற்று அவளிடம் கேட்டேன். "வெறும் நோன்னு போட்டா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்டி. ரிலக்டன்ட்னு போடு. மனசு வரலைங்கறத மரியாதையா சொல்றது."

இன்று உட்கார்ந்து எழுதினேன். 'ஐ ஆம் எ லிட்டில் ரிலக்டன்ட்.' லிட்டில் நான் சேர்த்தது, பணிவாக இருக்கட்டுமே என்று. அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை. நன்றாக உறைக்கட்டும் என்று கடைசியில் ஒரு வரி போட்டேன்: ஆஸ் யூ விஷ். உங்க இஷ்டம்! இதற்குமேல் எப்படிச் சொல்வது? நான் 'உங்க இஷ்டம்' என்று சொன்ன பிறகு என் வீட்டுக்காரர் ஒரு காரியத்தையும் செய்ததில்லை. செய்ய தைரியம் வருமா மனுஷனுக்கு?

அனுப்பிவிட்டேன். அப்பாடா.

பிப்ரவரி 18, செவ்வாய்
பதில் வந்துவிட்டது. எடுத்த எடுப்பிலேயே தேங்க் யூ. பெரிய மனதோடு சம்மதித்துவிட்டேனாம். கொஞ்சம் தயக்கம் எந்தத் தாய்க்கும் இருக்குமாம். பள்ளியில் இடமும் கேட்டாகிவிட்டதாம்.

அக்காவிடம் ஓடினேன். நான் அனுப்பியதைப் படித்தவள் தலையில் கைவைத்தாள். "அடிப்பாவி! ஆஸ் யூ விஷ்னா சம்மதம்டி. நீங்க சொல்றபடியே ஆகட்டும்னு எழுதிக் குடுத்திருக்க."

ஐயோ. என் கையாலயே.

பிப்ரவரி 19, புதன்
அக்கா சொல்லச் சொல்ல இன்னொரு மெயில். 'ஐ ஆம் அன்வில்லிங்.' எனக்குச் சம்மதமில்லை. லிட்டில் கிடையாது. இஷ்டம் கிடையாது.

பிப்ரவரி 22, சனி
ஓரகத்தி பதில் போடவில்லை. மாமாதான் பேசினார்.

"எழுத்துல குடுத்துட்டு இப்ப மாத்தினா எப்படிம்மா? அவ அழுதுட்டு உக்காந்திருக்கா."

"மாமா, அது நம்ம ஊட்டுல கோவத்துல சொல்ற இஷ்டம் மாமா. உங்களுக்குத் தெரியாதா?"

மாமா மெல்லச் சொன்னார்: "தெரியும்மா. அவளுக்கு எப்படிப் புரியவைக்கிறது, சொல்லு."

அப்படியென்றால் அன்றைக்கு நான் சொன்ன 'பார்க்கலாம்' என்பதும் அவருக்குப் புரிந்துதானே இருக்கிறது? ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? வேண்டாம் என்று அப்போதாவது கத்தியிருக்கலாம். வாய் வரவில்லை. சனியன் பிடித்த வாய்.

மார்ச் 2, ஞாயிறு
வாலு கேட்டாள். "பெரியம்மாகிட்ட சரின்னு சொல்லிட்டியாமே?"

"நீ என்னடி சொல்ற?" என்று அவளையே கேட்டேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உன் இஷ்டம்."

எனக்குத் தெரியாதா அதற்கு அர்த்தம்? இந்த வீட்டில் பிறந்த பிள்ளை. தெரிந்தும் புரியாதவள் மாதிரி எழுந்துபோய்த் துணி மடித்தேன். நல்ல பள்ளிக்கூடம், நல்ல வீடு, நான் தைக்கிற தையலில் இதெல்லாம் நடக்குமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாமாவை என்னமோ சொன்னேனே. நான் மட்டும் என்ன?

மார்ச் 20, வியாழன்
போய்விட்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னாள்: "வேண்டாம்னு ஒரு தடவ சொல்லியிருந்தா போதும்மா."

மார்ச் 21, வெள்ளி
வேலைக்குப் போகவில்லை.

ஜூலை 9, புதன்
போன் பேசினால் எல்லாவற்றுக்கும் "ம்". அங்கே சாப்பாடு பிடிக்கிறதா? ம். என்னை நினைக்கிறாயா? ம்.

நவம்பர் 5, புதன்
லீவுக்கு வரச் சொல்லி எழுதியிருந்தேன். இன்று அவளே மெயில் போட்டிருக்கிறாள், ஆங்கிலத்தில். 'ஐ வுட் ராதர் நாட் கம் திஸ் டைம், அம்மா.' வுட் என்று இருக்கிறது, கம் என்றும் இருக்கிறது. வருகிறாள் போலிருக்கிறது என்று கடைக்கு ஓடினேன்.

அக்கா படித்துவிட்டுக் கல்லாவைத் திறந்தாள், மூடினாள்.

"என்னக்கா? எப்ப வராளாம்?"

"ரொம்ப நாசூக்கா எழுதியிருக்காடி."

"வராளா இல்லையா?"

"வர இஷ்டமில்லையாம்."

எனக்கு வராத பாஷை. ஒரே வரியில், யாருக்கும் சந்தேகம் வராதபடி, மரியாதை குறையாமல் மறுத்துவிட்டாள். நல்ல பள்ளிக்கூடம்தான்.