திரைக்குள் நீங்கள் நின்ற நேரம்

அக்கா,

இன்று காலை குடியுரிமை உறுதிமொழி எடுத்த கூடத்தில் நம் ஆட்கள் நான்கு பேர் இருந்தோம்: நான், என் கணவர், என் மகள், உங்கள் வீட்டுக்காரர். வலது கையை உயர்த்தியபோது, இடது கையால் கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தேன். அதற்குள் உங்கள் மஞ்சள் அட்டை நோட்டு. நீங்கள் இறைவனடி சேர்ந்து இரண்டு வருடமாகியும் அதில் விபூதி வாசனை போகவில்லை.

பிஸ்கட்டவேயில் நமக்கு எதிரெதிர் வீடு. அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வின் நூறு கேள்விகளையும் அந்த நோட்டில் எழுதி, தோத்திர மெட்டில் மனப்பாடம் செய்தீர்கள். விளக்கேற்றிவிட்டு இருவரும் சேர்ந்து பாடுவோம்.

“ஆன்ட்டி, ஆர் யூ ப்ரேயிங் டு காங்கிரஸ்?” என்பாள் என் மகள்.

“ஆமாண்டி. பிரசாதம்னு கையை நீட்டிண்டு வராதே!”

உங்கள் முதல் நேர்காணலில் அதிகாரி நடுவிலிருந்து கேட்டார்: அடிமை விடுதலைப் பிரகடனம் என்ன செய்தது? நீங்கள் கண்ணை மூடி முதல் கேள்வியிலிருந்து முணுமுணுக்கத் தொடங்கினீர்கள். அந்த இடம் வருவதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மற்ற கேள்விகளும் அப்படியே போயின; நீங்கள் தேறவில்லை. மிச்சம் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் தவறினால் விண்ணப்பத்திலிருந்து மறுபடி ஆரம்பம்.

திரும்பும்போது காரை ஓட்டியது நான். பாதி வழியில், “இருபது வருஷமா இங்க இருக்கேன். உன் அபிப்பிராயம் என்னன்னு இந்த ஊர் என்னை ஒரு தடவை கேக்கணும்டி” என்றீர்கள்.

மறுநாளே மெட்டை விட்டோம், கதையாகப் பிடித்தோம். ராஜா வேண்டாம் என்றவர்கள், அவர்கள் எழுதிய சட்டம், அதில் விட்டுப்போன மனிதர்கள், உள்நாட்டுப் போர், விடுதலை, கறுப்பின ஆண்களுக்கு வாக்கு, அதற்கு அரை நூற்றாண்டு கழித்துப் பெண்களுக்கு. நீங்கள் காய் நறுக்குவீர்கள், நான் கேள்வி கேட்பேன். சரியான பதிலுக்கெல்லாம் நோட்டில் டிக் போட்டு வைத்தேன். ஒருநாள் கத்தியைக் கீழே வைத்தீர்கள்.

“எல்லாரும் சமம்னு எழுதிட்டு ஆத்துல அடிமை வெச்சிண்டிருந்தாளா? நன்னா இருக்கே நியாயம்!”

இரண்டாம் முறை கேட்ட ஆறு கேள்விக்கும் ஆறு பதில். போதாதென்று இதையே அதிகாரியிடம் நீங்கள் திருப்பிக் கேட்டீர்களாம். “அந்த மனுஷன் பேனாவைக் கீழ வெச்சுட்டார்டி!” வாசலில் நின்று சொன்னபோது உங்களைவிட எனக்குத்தான் பெருமை.

நீங்கள் வாக்களித்தது ஒரே ஒரு முறை. ஊர்ப் பள்ளிகளை நடத்தும் குழுவுக்கான தேர்தல். திரைக்குள் போனவர் வரவேயில்லை. வாக்குச்சாவடிக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். தரிசனம் முடிந்த முகத்தோடு வந்தீர்கள்.

“யாருக்குக்கா போட்டேள்?”

“சாமிகிட்ட வேண்டிண்டதை வெளில சொல்லுவியா நீ?”

என் நேர்காணலிலும் உங்களைக் கவிழ்த்த அதே கேள்வி வந்தது. கண்ணை மூடாமல், அதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அடுத்த மாதம் எனக்கு முதல் வாக்கு. யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்கமாட்டேன். திரைக்குள் அவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அதை மட்டும், கனவிலாவது வந்து, சீக்கிரம் சொல்லுங்கள்.