மூன்றாம் வரியில் ஒரு மூச்சு

டிசம்பர் 3

அன்புள்ள விசிலுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நலமாக இருக்கும்போது நீ கடிதம் போட்டதாகச் சரித்திரமே இல்லை.

எங்கள் செருப்புக் கடையில் மாதம் பிறந்ததும் பிறக்காததுமாகக் கிறிஸ்துமஸ் பாட்டைப் போட்டுவிட்டார்கள். ஊரார் காலடியில் உட்கார்ந்து வார் மாட்டிக்கொண்டே நாள் முழுக்கக் கேட்கிறேன். நமக்குப் பிடித்த இடையர் பாட்டு மட்டும் நான்கு விதமாக வருகிறது. ஒன்றில் பாடும் அம்மாள், பாலன் பிறந்ததற்குச் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இன்னொன்று வெறும் டிரம்பெட். இடையர்கள் குழந்தையைப் பார்க்கப் போகிறார்களா, சண்டைக்குப் போகிறார்களா? மூன்றாமவர் தூக்கக் கலக்கத்திலேயே பாடி முடிக்கிறார். விடிய விடிய ஆடு காத்தவனின் களைப்பு அவர் குரலில்தான் இருக்கிறது. இந்தப் பாட்டை யார் பாடியது வேடிக்கை என்று வருடாவருடம் நாம் நடத்தும் போட்டியில் என் ஓட்டு அவருக்கே.

நான்காவதுதான் விஷயம். ஓர் ஆண் குரல், ஒரு கிதார், அவ்வளவுதான். மூன்றாம் வரியில் ‘நட்சத்திரம்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு அளவுக்கு நின்றுவிட்டு அப்புறம் பாடுகிறார். நான் திகைத்துப்போய் ஒரு பெரிய மனிதரின் வலது காலில் இடது செருப்பை மாட்டிவிட்டேன். நம் சர்ச் பாடகர் குழுவைத் தவிர வேறு யாரும் அங்கே நிற்க மாட்டார்களே! அப்பாவின் ஆர்கன் ஒரே சுரத்தில் நிற்கும், நாமும் நிற்போம். வெளியூர்ப் போட்டியில் மற்ற குழுக்களோடு சேர்ந்து பாடும்போது நாம் மட்டும் அங்கே நின்று மானம் போனதே, ஞாபகமிருக்கிறதா?

கடைகளுக்கும் லிஃப்டுகளுக்கும் பாட்டுத் தயாரிக்கிற ஸ்டுடியோவில்தானே நீ ஒலிப்பதிவு பார்க்கிறாய்? அவர் யாரென்று விசாரித்துச் சொல். தெரியாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

அப்பா இருக்கிறார். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். கேட்டால், “லைட்டு சரியா எரியுதான்னு பாத்தேன்” என்கிறார். இந்தக் கிறிஸ்துமஸுக்காவது வா. நீங்கள் இருவரும் பேசாமல் இருக்க, நடுவில் தபால்காரி வேலை பார்த்து நான் ஓய்ந்துவிட்டேன்.

அன்புடன்,
மேஸ்திரி

டிசம்பர் 7

அன்புள்ள மேஸ்திரி அக்காவுக்கு,

அந்தப் பெரிய மனிதரின் காலுக்கு என் அனுதாபங்கள்.

என் ஓட்டு ஒரு பள்ளிக்கூடக் குழுவுக்கு. அதில் ஒரு பொடிசு எல்லாருக்கும் முன்னால் வரியை ஆரம்பித்து, எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறது. இடையர்களுக்கு முன்பே தொழுவத்துக்குப் போய்ச் சேர்ந்த ஆள் அது ஒன்றுதான்.

நீ கேட்ட பாடகர் யாரோ எவரோ. வருகிறார்கள், பாடுகிறார்கள், போகிறார்கள். அங்கே நின்றது தற்செயலாக இருக்கும். நம் குழு நின்றதில் என்ன மர்மம்? அந்த இடத்தில் பக்கம் முடியும். அப்பாவுக்குச் சட்டென்று புரட்டக் கை வராது. தன் தடுமாற்றத்துக்காக எல்லாரையும் நிற்க வைத்தார்.

நான் வரவில்லை அக்கா. நிறைந்த சபையில், “இறங்குடா, உனக்கு இது சரிப்படாது” என்று சொல்லி என் தனிப்பாட்டை டாக்டர் மகனுக்குத் தூக்கிக் கொடுத்தவர் அவர். அன்றைக்கு இறங்கியவன்தான், அதோடு பாட்டும் போயிற்று, அவரோடு பேச்சும் போயிற்று. நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

உன் தம்பி,
விசில்

டிசம்பர் 11

அன்புள்ள விசிலுக்கு,

பக்கம் புரட்டினாராமே! அப்பா அந்தப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டுதானே வாசிப்பார்? புத்தகத்தைத் திறந்து வைத்து நீ எப்போதாவது பார்த்தாயா?

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காபி கொடுக்கும்போது கேட்டேவிட்டேன். “ஏம்பா, நட்சத்திரத்துக்கு முன்னாடி ஏன் நிப்பீங்க?”

“அவனுக்கு அங்கதானே மூச்சு முட்டும்” என்றார், ஏதோ எனக்கும் தெரிந்த விஷயம் போல. “சின்ன வயசுல அந்த இடம் வந்தா நெஞ்சு விசிலடிக்கும். ஒரு மூச்சு விட்டாத்தான் அந்தச் சொல்லு வரும். நான் ஆர்கன் கட்டைய விடாம அழுத்திக்கிட்டு இருப்பேன். அப்புறம் எல்லாருக்கும் அதுவே பழகிப்போச்சு.”

“அப்புறம் எதுக்கு அவனை இறக்கி விட்டீங்க?”

காபி டம்ளரைக் கீழே வைத்தார். “அன்னிக்கு அவன் உதடு நீலமாயிடுச்சும்மா. இறங்குடான்னு கத்திட்டேன். பயந்தா எனக்குக் கோவமாத்தான் வருது, என்ன பண்றது?”

இதை அப்போதே உன்னிடம் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று நன்றாகத் திட்டினேன். வாங்கிக்கொண்டார்.

அந்த நான்காவது பாடகரை இனி நீ விசாரிக்க வேண்டாம். கடை ஸ்பீக்கரில் யார் பாடினாலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருக்கும். ஆனாலும் நான் உன் அக்கா. எனக்குக் காது கேட்கும்.

மேஸ்திரி

டிசம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் எதைத்தான் மறைக்க முடிந்தது? நான்தான். பாட வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. முதலாளி, “நீயே பாடித் தொலை” என்றார். பாடினேன். மூன்றாம் வரியில் தானாக நின்றுவிட்டேன்.

“அந்த ஓட்டையை வெட்டி ஒட்டுப்பா” என்றார். எத்தனையோ பேருடைய இருமலையும் செருமலையும் வெட்டி எறிந்தவன் நான். அதை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. ஏனென்று எனக்கே விளங்கவில்லை.

உதடு நீலமாக இருந்ததா? சத்தியமாக எனக்குத் தெரியாது. இத்தனை காலம் அவர் என் பாட்டைக் கேட்டுத்தான் வெட்கப்பட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தை மடித்து வைப்பதும் மறுபடி எடுப்பதுமாக இருக்கிறேன்.

தயவுசெய்து அந்தப் பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டிவிடாதே.

விசில்

டிசம்பர் 19

அன்புள்ள விசிலுக்கு,

நான் போட்டுக் காட்டவில்லை. கடைக்கு அழைத்துப் போனேன்.

புதுச் செருப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி உட்கார வைத்தேன். உன் பாட்டு சுற்றி வர நேரமாகும் அல்லவா? அதுவரை ஒவ்வொரு ஜோடியாக மாட்டிக் கழற்றினேன். “இது கடிக்குது, அது கடிக்குது” என்று எல்லாவற்றுக்கும் குறை. டிரம்பெட் வந்ததும், “யாருக்கு என்ன கோவம்?” என்று கேட்டார். அப்புறம் நீ வந்தாய்.

ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஒன்றுமில்லாமலும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் வரியில் நீ நின்றபோது அவருடைய வலது கை முழங்காலை அழுத்திப் பிடித்தது. நீ ‘நட்சத்திரம்’ என்ற பிறகுதான் விரலை எடுத்தார். யார் பாடுவது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து படியேறும்போது பாதியில் நின்று கேட்டார்: “இப்பத்தான் அவனுக்கு மூச்சு நல்லா வருதே, அப்புறம் ஏன் அங்க நிக்கிறான்? கேட்டு எழுது.”

எழுதிவிட்டேன். பதிலை நீயே அவருக்கு எழுது. தபால்காரி வேலையை விட்டுவிட்டாள்.

மேஸ்திரி

டிசம்பர் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டதை அக்கா எழுதியிருந்தாள். எனக்கும் இப்போதுதான் விளங்குகிறது. அந்த இடம் வந்தால் நீங்கள் கட்டையை அழுத்திக்கொண்டு காத்திருப்பது போலவே இருக்கிறது. அதைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை.

நாளைக்குக் கிளம்புகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்தாலும் சேருவேன். வீட்டு ஆர்கனைத் திறந்து வையுங்கள். படியில் அவசரப்பட்டு இறங்கி வர வேண்டாம். நான் மேலே வருகிறேன். பாதியில் நீங்கள் நிற்கும் இடத்தில் நானும் நிற்கிறேன். லைட் சரியாக எரிகிறதா என்று இரண்டு பேருமாகப் பார்ப்போம்.

உங்கள் மகன்,
விசில்